சிலிண்டருக்குள் போன பேச்சு

இந்த ரப்பர் சட்டைகளை அலசுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் நல்ல தண்ணீர்த் தொட்டியில் முக்கி உப்புப் போகும்வரை கையால் அமுக்க வேண்டும், பிறகு ஷாம்பு போட்டு உள்பக்கத்தை வெளியே புரட்ட வேண்டும், புரட்டும்போது மூக்கைத் திருப்பிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் கடலுக்குள் முங்குகிறவர்கள் எவ்வளவு பெரிய படிப்புப் படித்திருந்தாலும் குளிரெடுத்தால் சட்டைக்குள்ளேயே மூத்திரம் போய்விடுவார்கள், அது தங்களுக்குள் வழக்கம்தான் என்று அவர்களைக் கூட்டிப் போகிற ப்ரவீன் சாரே சொல்லியிருக்கிறார், அப்புறம் வெயில் படாத இடத்தில் தடித்த மூங்கிலில் தோள்பட்டை மடியாமல் தொங்கவிட வேண்டும். தொங்கவிட்டால் ஆள் ஆளாக வரிசையில் நிற்கிற மாதிரி இருக்கும், தலை மட்டும் இருக்காது. இப்போது தொட்டியில் கிடப்பது இந்த சீசனின் கடைசிச் சட்டைகள். இவற்றை உலர்த்திச் சுருட்டி வைத்துவிட்டால் மழை முடியும்வரை எனக்கு வேலை இல்லை.

எங்கள் தீவு அந்தமானில், போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் ஒரு பகல் தூரம். மழை இல்லாத மாதங்களில் நீலதாரா என்கிற படகு வந்து வெளிக்கடலில் மண்டபப் பார் என்கிற பவளப் பாறைக்கு மேலே நங்கூரம் போட்டு நிற்கும். நாங்கள் அதற்கு வைத்த பேர் படுக்கைப் படகு, ஏனென்றால் வருகிறவர்கள் அதிலேயே தூங்கி, அதிலேயே எழுந்து, அதிலேயே சாப்பிட்டு, பகலெல்லாம் முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் போய் மீனைப் பார்ப்பார்கள், பிடிக்க மாட்டார்கள், பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். சிலிண்டரில் காற்று அடைக்கிற கம்ப்ரசர் முதலில் படகிலேயேதான் இருந்தது. அது போடுகிற சத்தத்தில் தூங்க முடியவில்லை என்று விருந்தாளிகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், ஆகவே முதலாளி அதை இறக்கி எங்கள் வீட்டை ஒட்டிய கொட்டகையில் வைக்கச் சொல்லிவிட்டார், எங்களுக்குத் தூக்கம் தேவையில்லை என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் தங்கமாரிதான் காற்று அடைக்கிறவர். காலையிலும் சாயங்காலமும் டிங்கி என்கிற சின்னப் படகில் காலி சிலிண்டர்கள் கரைக்கு வரும், நிரம்பியவை திரும்பிப் போகும். கம்ப்ரசர் காற்றை உறிஞ்ச ஒரு குழாய் உண்டு. அந்தக் குழாயின் வாய் டீசல் புகை பக்கம் இருக்கவே கூடாது, புகை உள்ளே போனால் கடலுக்கடியில் ஆள் மயங்கிச் செத்துப்போவான், இந்தத் தொழிலில் முதலில் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். தங்கமாரி அதில் கறாரான ஆள். குழாயைக் கிழக்கே நீட்டினார், ஜெனரேட்டர் புகை வந்தது, மேற்கே நீட்டினார், கடைக்காரர் மண்டலின் கருவாட்டு நாற்றம் வந்தது, கடைசியில் எங்கள் அடுப்படி ஜன்னலுக்குள் நுழைத்துக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டார். கேஸ் அடுப்பு, புகை கிடையாது. வலை போட்ட அந்த வாய் ஒரு செம்பருத்திப் பூ அளவுக்கு, எண்ணெய்ச் சட்டிக்கு மேலே திறந்துகொண்டு இருந்தது.

எனக்கு ஆள் முன்னால் வாய் வராது. கடையில் உப்பைக்கூட விரலால்தான் காட்டுவேன், மண்டல் வேண்டுமென்றே சீனியை எடுப்பார், சோப்பை எடுப்பார், நான் தலையை ஆட்டி ஆட்டி நிற்பேன். கல்யாணமாகி வந்த புதிதில் தங்கமாரி ஏமாந்து ஊமையைக் கட்டிக்கொண்டான் என்று ஊரில் பரிதாபப்பட்டார்கள். ஆனால் கம்ப்ரசர் ஓடும்போது எனக்கு வாய் திறந்துவிடும், ஏனென்றால் அது ஓடும்போது நான் பேசுவது எனக்கே கேட்காது. மஞ்சரி பிறந்த பிறகு அவளை அடுப்படித் தரையில் பாயில் போட்டுவிட்டு, எந்திரம் ஓடத் தொடங்கியதும் நானும் தொடங்குவேன், பருப்பு வேகாததைச் சொல்வேன், காக்கா கதை சொல்வேன், அவளுடைய அப்பாவின் குறட்டையைப் பற்றிச் சொல்வேன், என் அம்மா வீட்டு மாமரத்தைப் பற்றிச் சொல்வேன், எந்திரம் நின்றதும் நிறுத்திக்கொள்வேன். அப்படியே அவள் தவழ்ந்தாள், நின்றாள், நடந்தாள்.

போன தைமாதத்தில் ஒரு நாள், புனேயிலிருந்து வந்த ஒரு பல் டாக்டரம்மா, மிருணாள் என்று பேர், டிங்கியில் கரைக்கு வந்து நேராக எங்கள் வாசலில் நின்று, இந்தியில் கேட்டாள்.

“மஞ்சரிக்குக் கண்கட்டி அமுங்கிவிட்டதா?”

நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன்.

“நாமக்கட்டி உரைத்துப் போட்டீர்களே, நேற்று. அதனால்தான் கேட்டேன். இன்றைக்குக் காலையில் கீழே இருக்கும்போது கேட்டது.”

கீழே என்றால் கடலுக்குக் கீழே. அவளுக்கு மட்டும் இல்லை, முந்தின வருஷங்களிலும் பலர் கேட்டு, ஆழத்து மயக்கம் என்று வெளியே சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். ஜெர்மனிக்காரர் ஒருவர் தங்கமாரியின் இருமலைப் பற்றிக் கவலைப்பட்டார், பெங்களூரிலிருந்து வந்த புருஷன் பெண்சாதி இரண்டு பேரும் காக்கா கதையில் ஆளுக்குப் பாதி கேட்டிருந்தார்கள், மேலே வந்ததும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார்களாம். படகில் முங்குகிறவர்களைக் கூட்டிப் போகிற தலைவர் ப்ரவீன் சார், சென்னைக்காரர், தங்கமாரியைக் கூப்பிட்டு விசாரித்தார்.

“காத்துல ஏதோ பேச்சு கலந்திருக்குன்றாங்க தங்கமாரி. செக் பண்ணிக்கோ.”

தங்கமாரி ஒரு சிலிண்டரின் வால்வைத் திறந்து புறங்கையில் காற்றை விட்டு மோந்து பார்த்தார். உஸ் என்று வந்தது, அவ்வளவுதான்.

“எண்ணெ வாடை இல்ல சார். புகை வாடை இல்ல.”

“அப்ப சரி.”

விசாரணை அதோடு முடிந்தது. ஒரு தென்னைமர ஆழத்துக்குக் கீழே போனால்தான் கேட்கிறது என்பதை மட்டும் ப்ரவீன் சார் தெரிந்துவைத்துக்கொண்டார், முங்குவதற்கு முன்னால் விருந்தாளிகளுக்குச் சொல்கிற எச்சரிக்கைகளோடு, காதில் வலித்தால் மேலே வாருங்கள், முள்மீனைத் தொடாதீர்கள் என்பதோடு, சமையலறைப் பேச்சு கேட்கும், பயப்படாதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொண்டார். எந்த பாஷையில் கேட்டது என்று யாரோ கேட்டதற்கு அந்த ஜெர்மனிக்காரர், பாஷையா, அதைக் கவனிக்கவில்லையே என்றாராம்.

ஊருக்குத் தெரிய ஒரு பொழுதுகூட ஆகவில்லை. கப்பல் வந்து நிற்கிற ஜெட்டிப் பக்கம் இட்லிக்கடை போட்டிருக்கிற சகாயம் அக்கா மாவுக் கையோடு வந்துவிட்டாள்.

“ஏட்டி காளி, வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கன்னுல்லா நெனச்சேன். கடலுக்கடியில கச்சேரி நடத்துதியாமே!”

நான் தரையைப் பார்த்தேன்.

“காளீஸ்வரின்னு பேரு வச்சதுக்கு இப்பதான் பொருத்தமா ஒரு காரியம் பண்ணிருக்க. நகரு, நானும் ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போறேன்.”

அவள் குழாயின் வாயைப் பிடித்துக்கொண்டு தன் கடை இட்லியைப் பற்றியும் சாம்பாரில் போடுகிற வெந்தயத்தைப் பற்றியும் பேசினாள், மறுநாள் படகிலிருந்து விருந்தாளிகள் இறங்கி வந்து இட்லி கேட்டார்கள், அன்றோடு எங்கள் அடுப்படி பொதுச்சொத்து ஆகிவிட்டது. செல்போன் டவர் கேட்டு ஒரு கூட்டம் வந்தது, சென்னைக் கப்பலில் டிக்கெட் கிடைக்காதவர்கள் வந்தார்கள், விருந்தாளிகளில் ஒருவர் டெல்லியில் பெரிய அதிகாரி என்று எவனோ கிளப்பிவிட்டதால் பட்டா இல்லாதவர்கள் அத்தனை பேரும் வந்தார்கள். பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணினார், அந்தக் காற்றைச் சுவாசித்தவர்கள் வழக்கத்தைவிட அதிக நேரம் கீழே இருந்தார்கள், மூச்சே செலவாகவில்லை என்றார்கள். வார்டு மெம்பர் பரமசிவம் அண்ணாச்சி சால்வையோடு வந்து வளர்ச்சிப் பணிகளைப் பற்றிப் பேசினார், அன்றைக்கு எல்லோரும் தலைவலி என்று பாதியிலேயே மேலே வந்துவிட்டார்கள். பெண்டாட்டி கோபித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்ட எலெக்ட்ரீசியன் ஒருவர் வந்தார், ஒன்றும் பேசாமல் குழாயைப் பிடித்துக்கொண்டு அழுதார், அப்போது நிரப்பிய சிலிண்டர்களை மாட்டிய நாலைந்து பேருக்கு முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் ஏறிவிட்டது, கண்ணாடியில் ஓட்டை ஒன்றும் இல்லை.

தகராறு வராமல் இருக்க அண்ணாச்சியே நேரம் பிரித்துக் கொடுத்தார். காலைச் சுற்றில் ஊர்க்காரர்கள், சாயங்காலச் சுற்றில் நான், ஏனென்றால் சாயங்காலம் எப்படியும் நான் சமைத்தாக வேண்டும். ஆனால் படகில் விருந்தாளிகள் சாயங்காலக் காற்றுக்குத்தான் அடித்துக்கொண்டார்கள். ஏன் என்று தங்கமாரி கேட்டதற்கு மிருணாள் டாக்டரம்மா சொன்னாளாம், மற்றவர்கள் எல்லோரும் ஏதாவது கேட்கிறார்கள், உன் மனைவி எதுவும் கேட்பதில்லை, அதனால் மீனைப் பார்த்துக்கொண்டே கேட்கலாம். அவள் ஊருக்குப் போய்விட்டு அடுத்த மாதமே திரும்பவும் வந்தாள். மற்றவர்களும் வந்தார்கள். முதலாளி போனில் சொன்னார், அடுத்த வருஷமும் படகு நிறைந்துவிட்டது, குழாய் எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும், அதை எடுத்தால் எந்திரத்தையும் எடுத்து வேறு தீவில் வைத்துவிடுவேன்.

இதற்கெல்லாம் நடுவில் மஞ்சரிக்கு மூன்று வயது நெருங்கியது, அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா இல்லை, அப்பா இல்லை, வேண்டும் இல்லை, வேண்டாம் இல்லை. நர்ஸம்மா பின்னால் நின்று கை தட்டினார், திரும்பிப் பார்த்தாள். நாக்கை நீட்டச் சொல்லிக் காட்டினார், நீட்டினாள். எல்லாம் நன்றாக இருக்கிறது, சில பிள்ளைகளுக்குத் தாமதமாகும் என்று அனுப்பிவிட்டார். மண்டலின் பேரன் இவளுக்குப் பிறகு பிறந்தவன், அவன் வங்காளியிலும் தமிழிலும் கெட்ட வார்த்தைகூடப் பேசத் தொடங்கிவிட்டான்.

“தாயைப் போல பிள்ளைங்காங்க,” என்றாள் சகாயம் அக்கா. “நீயாவது எந்திரம் ஓடினா பேசுவ. இது அதுவும் இல்லையேட்டி.”

மறுநாள் சாயங்காலம் மஞ்சரிக்குப் புதிதாக ஒரு கதை சொன்னேன், நானாகக் கட்டியது, ஒரு நண்டு தன் ஓட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வீடில்லாமல் அலைகிற கதை. அதற்கடுத்த நாள் மிருணாள் டாக்டரம்மா கரைக்கு வந்து, வாசலில் உட்கார்ந்து, மணலில் விரலால் கோடு போட்டுக்கொண்டே அந்தக் கதையை ஒரு சொல் விடாமல் எனக்குச் சொன்னாள், நண்டு கடைசியில் எங்கே தூங்கியது என்பதைக்கூட. மஞ்சரி பக்கத்தில் நின்று அவள் வாயையே பார்த்தாள், முதல்தடவையாக ஒரு கதையைக் கேட்கிற பிள்ளை எப்படிப் பார்க்குமோ அப்படிப் பார்த்தாள்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சொன்னது இவர்களிடம் இருக்கிறது என்றால் அவளிடம் இல்லை. ஒரு சொல் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. நான் குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசியதெல்லாம் அவளிடம் போய்ச் சேராமல் பக்கத்திலேயே திறந்து கிடந்த வாய்க்குள் போய், சிலிண்டரில் அடைபட்டு, டிங்கியில் ஏறி, கடலுக்குள் இறங்கியிருக்கிறது. எந்திரம் நின்ற பிறகு, பிள்ளை தூங்கியதும் தங்கமாரியிடம் குசுகுசுப்பதைத் தவிர, நான் பேசுவதே இல்லை. ஆகவே பிறந்ததிலிருந்து என் மகள் என் குரலையே கேட்கவில்லை.

எந்திரம் ஓடாத மத்தியானத்தில் அவளை மடியில் வைத்துப் பேசிப் பார்த்தேன். கதவைச் சாத்திக்கொண்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மஞ்சரி, என்றேன், சாப்பிடலாமா, என்றேன். கப்பலில் பக்கத்து சீட்டுக்காரி தெலுங்கில் பேசினால் நாம் எப்படிப் பார்ப்போமோ அப்படி மரியாதையாக என்னைப் பார்த்தாள். முதலில் சொல்ல வேண்டியதெல்லாம் போய்விட்டது, அஸ்திவாரம் இல்லாமல் மேலே செங்கல் வைத்தால் நிற்குமா.

நான் அழுதுகொண்டே இதைச் சொன்னது எந்திரத்திடம்தான். வேறு யாரிடம் சொல்வேன். அதனால் மிருணாள் டாக்டரம்மாவுக்கு அது தெரிந்துவிட்டது. அவள் வந்து, நான் கதவுக்குப் பின்னால் நிற்க, கதவோடு பேசினாள்.

“எல்லாம் போய்விடவில்லை. மண்டபப் பாரின் கீழே குகை இருக்கிறது, கல்யாண மண்டபம் மாதிரி. நாங்கள் அதற்குள் போகும்போது விடுகிற மூச்சு மேலே போக வழியில்லாமல் கூரையில் தங்கிவிடும், வெள்ளி உருக்கி ஊற்றின மாதிரி கூரை முழுக்கப் பளபளப்பாக நிற்கும். வருஷக்கணக்காக அங்கேயே இருக்கிறது. அதன் கீழே போய் நின்றால் சந்தை மாதிரி இருக்கிறது, காளீஸ்வரி. பெரும்பாலும் உன் குரல்.”

நான் கதவை ஒரு விரல் அளவு திறந்தேன்.

“ஆனால் இந்த மழைக்காலம் தொடங்கினால் அலை குகைக்குள் புகுந்து எல்லாவற்றையும் கழுவிவிடும் என்கிறார்கள். போன மழைகள் அந்த ஆழத்துக்கு எட்டவில்லை, இந்த மழை அவற்றைவிடப் பெரிதாம். இந்தத் தடவை போனால் படகு ஐப்பசியில்தான் வரும்.”

அது சித்திரை மாதம். படகுக்குக் கடைசிச் சுற்று. ப்ரவீன் சார் சொன்னால்தான் யாரும் எதையும் செய்ய முடியும், குகைக்குள் போவது ஆபத்தான வேலை, விருந்தாளிகளை நுழைவாயிலோடு திருப்பிவிடுவதுதான் அவர் வழக்கம். கூரையில் நிற்கிற மூச்சை எடுத்துத் தர முடியுமா என்று ப்ரவீன் சாரிடம் பேசுங்கள் என்று தங்கமாரியிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் ஸ்பேனரைத் துடைத்தார்.

“கேட்டா என்ன ஆகும் தெரியுமா காளி? அந்தப் பேச்ச எடுத்துட்டா குகையில ஒண்ணுமில்ல, யாரு வருவா? நீ பிள்ளைகிட்டப் பேசணும்னா குழாயத் திருப்பணும். குழாயத் திருப்பினா எந்திரம் போயிரும். எந்திரம் போனா நான் என்ன பண்ணுவேன்?”

“ஏங்க, நம்ம பிள்ளை…” என்றேன்.

அவர் எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டார். ப்ரவீன் சார் அன்றைக்குச் சட்டைகளை எண்ணி வாங்க வந்தார். நான் நேரே போய் அவர் முன்னால் நின்றேன்.

“என்னம்மா?”

“காஞ்சிருச்சு சார்,” என்றேன்.

“என்னது?”

“சட்டை.”

“அதான் தெரியுதே,” என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

கடைசி நாள் காலை. கடைசி சிலிண்டர்களை நிரப்ப எந்திரம் ஓடுகிறது, காலைச் சுற்று ஊருக்கானது, அடுப்படியிலிருந்து வாசல் தாண்டி ரோடு வரைக்கும் வரிசை நிற்கிறது, ஐப்பசி வரை இனிப் பேச முடியாது என்பதால் எல்லோரும் வந்திருக்கிறார்கள், முன்னால் பரமசிவம் அண்ணாச்சி, சீசன் நிறைவு உரை எழுதி எடுத்து வந்திருக்கிறார். அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு குழாயின் பக்கம் குனிந்தார். நான் மஞ்சரியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, அடுப்புக்கும் அவருக்கும் நடுவில் நுழைந்து, அவர் சால்வையை விலக்கி, இத்தனை பேர் பார்க்க, குழாயில் வாயை வைத்தேன்.

என்ன சொன்னேன் என்பதை வரிசையில் நின்றவர்கள் யாரும் கேட்கவில்லை, எனக்கே கேட்கவில்லை. ப்ரவீன் சார் கீழே கேட்டதை டாக்டரம்மா பிறகு சொல்லித்தான் தெரியும். சாப்பாட்டு அழைப்பு மாதிரி இருந்ததாம். எல்லோரும் வந்திருக்கிறீர்கள், எல்லோரும் கேட்டீர்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, கேட்டதெல்லாம் என் மகளுக்குச் சொன்னது, உங்களுக்குச் சொன்னது இல்லை, கூரையில் இருப்பதையாவது எடுத்துக் கொடுங்கள், நான் வேறு எதுவும் கேட்க மாட்டேன், ப்ரவீன் சார், நீங்களும் கேளுங்கள்.

“பாத்தியா, ஊமை என் டைம எடுத்துக்கிட்டா!” என்று அண்ணாச்சி கத்தியிருக்கிறார். சகாயம் அக்கா அவரை வரிசையின் கடைசிக்கு அனுப்பிவிட்டாள்.

மத்தியானத்துக்கு முன்னால் டிங்கி வந்தது. ப்ரவீன் சார் நனைந்த தலையோடு வாசலில் நின்றார், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

“கேட்டேன்மா. நான்தான் முதல்ல போனேன், இன்னிக்கு உன் சிலிண்டர் எனக்குத்தான் வந்துச்சு.” தலையைத் துவட்டினார். “எடுக்கலாம். கீழ கெடக்கற சாமானத் தூக்கறதுக்குக் காத்துப் பை வச்சிருக்கோம், அதக் கவுத்துப் புடிச்சா ரொம்பிரும். விருந்தாளிங்க எல்லாரும் தங்களோட கடைசி முங்கல இதுக்கே குடுக்கறேன்றாங்க. ஆனா ஒண்ணு சொல்லணும். மேல வரவரக் காத்துப் பெருக்கும். கீழ ஒரு குடம் இருக்கறது மேல வந்தா மூணு குடம் ஆயிடும். நீ மெதுவாப் பேசினதெல்லாம் கத்தலாத்தான் வெளிய வரும். படகுல எல்லாருக்கும் கேக்கும். ஊருக்கே கேக்கும். பரவால்லியா?”

தங்கமாரி கொட்டகை வாசலில் நின்று என்னைப் பார்த்தார். நான் இத்தனை வருஷம் அந்த ஜன்னலில் என்னென்ன பேசியிருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும்.

“பரவால்ல சார்,” என்றேன். எந்திரம் அப்போது ஓடவில்லை.

படுக்கைப் படகில் நான் ஏறியது அன்றைக்குத்தான். சுற்றி ஊர் டிங்கிகள் எல்லாம் வந்து நின்றன, திருவிழாவுக்கு வருகிற மாதிரி, சகாயம் அக்கா அடுக்கில் இட்லிகூட எடுத்து வந்திருந்தாள். மஞ்சரியைப் படகின் பின்தளத்தில் என் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முங்கினவர்கள் ஒவ்வொருவராக மேலே வந்தார்கள், ஒவ்வொருவரும் ஒரு மஞ்சள் பையை வாய் கீழே பார்க்கத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, மேலே வரவரப் பை ஊதி, ஓரமெல்லாம் குமிழ் வழிய, நிறைமாதக்காரிகளைப் போல மெதுவாக வந்தார்கள். ப்ரவீன் சார் முதல் பையின் வாயைத் தண்ணீருக்குள்ளேயே முடிந்து, மஞ்சரியின் காதுப் பக்கம் கொண்டுவந்து முடிச்சை அவிழ்த்தார்.

“பருப்பு வேகமாட்டேங்குதுடி, என்னத்தச் செய்ய!” என்று என் குரல் கடல் முழுக்கக் கேட்டது. சுற்றித் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்த பறவைகள் எழும்பிப் போயின.

அப்புறம் நிற்கவில்லை. ஆ காட்டு, ஆ காட்டு என்றது. காக்கா வந்தது, மாமரம் வந்தது. சகாயம் அக்காவோட வாய்க்குப் பூட்டு இருந்தா நான் போர்ட் பிளேர் போயி வாங்கிட்டு வருவேன் என்றது, டிங்கிகளில் சிரிப்பு ஓய நேரமாயிற்று, சகாயம் அக்கா இட்லி அடுக்கைப் பட்டென்று மூடினாள், பிறகு திறந்து பக்கத்து டிங்கிக்காரனுக்கு ஒன்று கொடுத்தாள். ப்ரவீன் சாருக்கு உச்சியில முடி போயிட்டே வருது, பாவம், யாரும் சொல்லாதீங்க என்றது. ப்ரவீன் சார் அடுத்த பையை அவிழ்த்தார். எனக்கு எழுந்து கடலில் குதித்துவிடலாம் போல இருந்தது, கடலுக்குள்ளும் நான்தான் பேசிக்கொண்டிருக்கிறேன் என்பதால் அங்கேயும் போக வழியில்லை, மடியில் பிள்ளை இருந்தது, ஆகவே உட்கார்ந்திருந்தேன். உங்கப்பா சிரிச்சா இடது பக்கம் ஒரு குழி விழும், அதுக்காகத்தான் நான் இந்தத் தீவுக்கு வந்தேன், அவர்கிட்டச் சொல்லிராத என்று கடைசிப் பை சொன்னது, அது இருந்ததிலேயே சத்தமாகச் சொன்னது. தங்கமாரி தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். குழி விழுந்தது.

மஞ்சரி எல்லாவற்றையும் கேட்டாள். ஒவ்வொரு பைக்கும் கழுத்தைத் திருப்பிப் பையைப் பார்த்தாள், அப்புறம் என் வாயைப் பார்த்தாள். முடிந்ததும் கொட்டாவி விட்டாள், என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எல்லோரும் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். பிறகு அவரவர் டிங்கியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். மிருணாள் டாக்டரம்மா போகும்போது குழந்தையின் பாதத்தை மட்டும் தொட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் விடிகாலையில் படகு போர்ட் பிளேருக்குப் போய்விட்டது. அன்றைக்கே தங்கமாரி ஜன்னலில் இருந்த கம்பியை வெட்டிக் குழாயைக் கொட்டகையின் மேல் ஏற்றி, தென்னை உயரத்துக்கு ஒரு மூங்கில் நட்டு, வானத்தைப் பார்த்துக் கட்டிவிட்டார். முதலாளிக்கு ப்ரவீன் சார் போனில் சொன்னார், முதலாளி ஐப்பசிக்கு எந்திரத்தை வேறு தீவுக்கு மாற்றுவதாகச் சொன்னார், தங்கமாரி சரி என்று சொல்லிவிட்டு ஜெட்டியில் கப்பல் கயிறு பிடிக்கிற வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார். ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான். டவர் இன்னும் வரவில்லை. எலெக்ட்ரீசியனின் பெண்டாட்டி மட்டும் திரும்பி வந்துவிட்டாள், அவளுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியாது.

நான் இப்போது எந்திரம் இல்லாமலே பேசுகிறேன். ஊரே எல்லாவற்றையும் கேட்டுவிட்ட பிறகு ஒளிப்பதற்கு ஒன்றும் பாக்கி இல்லை, கடையில் போய் உப்பு என்று வாய்விட்டுக் கேட்டேன், மண்டல் கையிலிருந்த பொட்டலத்தைக் கீழே போட்டார். மஞ்சரியிடமும் நாளெல்லாம் பேசுகிறேன், மாவு பிசையும்போது பேசுகிறேன், இந்தத் தொட்டிக்கு வரும்போதும் உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன், உலை வைத்திருக்கிறேன், நீ பாயிலேயே இரு என்று. அவள் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பேசிட்டாளா, பேசிட்டாளா என்று கேட்கிறார்கள், இல்லை என்றால் அவர்களுக்கு என்னைவிட முகம் வாடிவிடுகிறது, அத்தனை பேரும் சேர்ந்து ஒரு கடலையே காலி பண்ணியிருக்கிறார்கள், கேட்கத்தான் செய்வார்கள். தங்கமாரி வேலைக்குப் போகும்போதும் அவள் வாயைத்தான் பார்த்துவிட்டுப் போகிறார். வானம் தெற்கே கறுத்துவிட்டது, இன்றைக்கோ நாளைக்கோ மழை இறங்கிவிடும், இந்தச் சட்டையையும் பிழிந்துவிட்டால் ஆயிற்று, நான் மனதைத் தேற்றிக்கொண்டுவிட்டேன், அவள் பேசினாலும் சரி, பேசாவிட்டாலும் சரி, நான் பேசுவதை அவள் கேட்கிறாள் அல்லவா, அது போதும், எந்தப் பிள்ளைக்கும் ஒரே நாளில் எல்லாம் வந்துவிடாது, இன்னும் ஒரு வருஷமானாலும் நான் பொறுமையாகத்தான்

“அம்மா! சோறு அடிப்பிடிக்குது!”

உள்ளே அவளைத் தவிர வேறு ஆள் இல்லை, கையெல்லாம் ஷாம்பு நுரை, இதை அப்படியே போட்டுவிட்டு நான்